நூறு வெள்ளிக்குள் மைவிக்கு ஏர் இன்டேக்: தம்பிக்குச் சொன்னது

போன வாரம் சித்தி மகன் ஒரு பழைய பெரோடுவா மைவி காரை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தான். 2008 வண்டி, 1.3, மெனுவல் கியர். வாசலில் நிறுத்தியதும் போனட்டைத் திறந்து வைத்துவிட்டு போனை நீட்டினான். "அண்ணே, இதப் போடலாமா? நூறு வெள்ளிக்குள்ள வருது." படத்தில் என்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் ஏர் இன்டேக்: சிவப்புக் குழாய், நுனியில் கூம்பு மாதிரி ஓப்பன் பாட் ஃபில்டர், அதாவது பெட்டி இல்லாமல் போனட்டுக்குள் திறந்தே நிற்கும் காற்று வடிகட்டி. ஏறக்குறைய அதே பொருள் என் மைவியில் எட்டு மாதம் இருந்தது, அதனால் போடாதே என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்லவே அன்றைக்கு ஒரு மணி நேரம் ஆனது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓப்பன் பாட் போட்ட முதல் நாள் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மிதித்தால் உறுமும். ஒரிஜினல் ஏர் பாக்ஸ் (ஃபில்டரை மூடியிருக்கும் பெட்டி) அடக்கி வைத்திருந்த சத்தமெல்லாம் வெளியே வந்துவிடும், காது கேட்பதை மனசு வேகம் என்று நம்பிவிடும். ஆனால் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து (எங்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) இஜோக் வழியாக லாத்தார் நெடுஞ்சாலை ஏறி ரவாங்குக்கு வேலைக்குப் போகிறவன் நான். காலை நெரிசலில் சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி இழுக்க யோசிப்பது ஒரு மாதத்திலேயே தெரிய ஆரம்பித்தது.

சந்தேகம் தீரட்டும் என்று மீன் தொட்டிக்கு வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன், ஒயர் நுனியில் சென்சார் இருக்கும், பத்து வெள்ளிகூட இல்லை. சென்சாரை ஃபில்டருக்குப் பக்கத்தில் கட்டி, ஒயரை போனட் இடுக்கு வழியாக ஜன்னலுக்குக் கொண்டுவந்து டாஷ்போர்டில் ஒட்டி வைத்தேன். வெளியே 33 டிகிரி. நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 41 காட்டியது, அது பரவாயில்லை. இஜோக்கில் சிக்னலில் நின்றால் நாலைந்து நிமிடத்தில் 61. பிறகு பழைய ஏர் பாக்ஸைத் திரும்ப மாட்டி, வெளிக்காற்றை உறிஞ்சும் அதன் மூக்குக்குள் அதே சென்சாரை வைத்துப் பார்த்தபோது அதே சிக்னலில் 43-ஐத் தாண்டவில்லை.

இதில் என்ன இருக்கிறது என்றால், காற்று சூடானால் அடர்த்தி குறையும். 33 டிகிரி காற்றை விட 61 டிகிரி காற்று அதே கொள்ளளவில் எட்டு சதவீதம் குறைவு, ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. 1.3 லிட்டர் என்ஜின் ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் மூச்சு இழுக்கும். 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்று) கணக்குப்படி நிமிடத்துக்கு 3900 லிட்டர் வரை போகும், பதினைந்து லிட்டர் வாளியில் 260 வாளி. அந்த ஒவ்வொரு வாளியிலும் எட்டு சதவீதம் காலி என்று நினைத்துப் பாருங்கள். சின்ன என்ஜினில் இருப்பதே கொஞ்சம் பவர், அதில்தான் இந்த இழப்பு. வண்டி ஓட ஆரம்பித்தால் சூடு இறங்கும், உண்மைதான், ஆனால் இழுவை தேவைப்படுவது கிளம்பும் நேரத்தில்தானே.

சூடு பாதிக் கதை. மீதிப் பாதி தூசி. அம்மா இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர் செம்மண் பாதை. செம்பனைக் குலை ஏற்றிய லாரி முன்னால் போனால் ஐந்து நிமிடத்துக்குச் சாலையே தெரியாது. எட்டாவது மாதம் பட்டறையில் அந்த ஃபில்டரைக் கழற்றினோம். பொமேன் அங்கிள் (பட்டறை மெக்கானிக்) ஒரு பழைய வெள்ளைப் பனியன் துணியை விரலில் சுற்றி, ஃபில்டர் பக்கம் இல்லை, அதற்கு அப்புறம் திராட்டிலுக்கு (என்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் வால்வு) போகும் குழாயின் உள்சுவரைத் துடைத்தார். துணியில் மிளகாய்த்தூள் மாதிரி செம்மண், அவ்வளவு மெல்லியது, விரலில் தேய்த்தால் கரகரவென்றது. "ஃபில்டரத் தாண்டி தூசி வந்தா, அதுக்குப் பேரு ஃபில்டர் இல்லப்பா" என்றார். அந்தக் கரகரப்புதான் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும், பிறகு என்ஜின் ஆயில் குடிக்கும், புகை தள்ளும்.

என் ஃபில்டர் கம்பி வலை வகை. விற்றவர் "கழுவிக் கழுவிப் போடலாம், ஆயுள் முழுக்க வரும்" என்றார், எவ்வளவு தூசியைப் பிடிக்கும் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏர் ஃபில்டருக்கு ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது, எவ்வளவு தூசியைத் தடுக்கிறது, காற்றை எவ்வளவு இறுக்குகிறது இரண்டையும் அளப்பார்கள். வாங்கும்போது அந்த விவரத்தைக் கேளுங்கள், பதில் இல்லை என்றால் செம்மண் பாதையில் ஓடும் வண்டிக்கு அது வேண்டாம்.

குளிர்ந்த காற்று வேண்டும் என்று குழாயை பம்பருக்குக் கீழே இறக்கும் வகையும் கிடைக்கிறது. வெயிலில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 2021 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சிலாங்கூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரை அழுத்த முடியாது, ஒரு கோப்பை சிலிண்டருக்குள் போனாலே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். தாழ்ந்த ரோட்டில் மழைக்காலத்தில் போகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அப்புறம் பெட்ரோல் மிச்சமாகும் என்ற பேச்சு. அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் சோதித்துப் பார்த்தது: இப்போதைய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஃபில்டர் அடைத்துப்போயிருந்தாலும் பெட்ரோல் செலவு பெரிதாக மாறவில்லை, அடிபட்டது வேகமெடுப்புதான். உள்ளே வரும் காற்றுக்கு ஏற்றபடி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே மிச்சம் பிடிக்க இன்டேக் வாங்காதீர்கள்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். ஒரிஜினல் ஏர் பாக்ஸை விடாதே. பழைய மைவியில் அதன் மூக்கு உடைந்திருக்கும், இல்லை யாராவது கழற்றிப் போட்டிருப்பார்கள், ரப்பர் ஹோஸ் மடிப்புகளில் வெடித்திருக்கும். ஹாஃப்-கட் கடையில் (பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் கடை) எனக்கு முழுப் பெட்டியும் மூக்கோடு 35 வெள்ளிக்குக் கிடைத்தது. ஹோஸ் கிளிப் இரண்டு புதிதாகப் போடு. உள்ளே சாதாரண பேப்பர் ஃபில்டர், இருபது சொச்சம் வெள்ளி, புத்தகத்தில் சொன்ன தூரத்தில் பாதியிலேயே மாற்று. தோட்டத்துத் தூசிக்கு அந்தக் கணக்குதான் சரி. அதே பெட்டிக்குள் வைத்து, கழுவிப் போடும் டிராப்-இன் ஃபில்டர் வேண்டும் என்று மனம் கேட்டால் எண்ணெய் பூசும் பருத்தி வகை வாங்கு, ஆனால் எண்ணெயை ஊற்றாதே, அளவாகப் பூசு. மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே வரும் காற்றை மெல்லிய கம்பியால் அளப்பது) உள்ள வண்டிகளில் அதிகப்படி எண்ணெய் அந்தக் கம்பியில் போய்ப் படியும். மீதிக் காசுக்கு திராட்டில் பாடியைக் கழுவி, ஸ்பார்க் பிளக்கைப் பார்.

"சத்தம் வராதே அண்ணே" என்றான். வராது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஏர் பாக்ஸ் மூடியை அமுக்கிப் பார்த்தான், ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, நாலு கிளிப்பில் ஒன்று இல்லை. சனிக்கிழமை ஹாஃப்-கட் கடைக்குப் போகிறோம்.