200 மணி நேர பைலட்டுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வந்துவிட்டால் அடுத்த மாதமே வெள்ளைச் சட்டையும் தோளில் பட்டையுமாக ஏர்பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடலாம் என்றுதான் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் நினைத்தார்கள். நாமக்கல் பக்கம் எங்கள் வகையறாவில் நான்தான் முதல் பைலட், அதனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ கொடுக்கும் இந்த லைசென்ஸ் (சிபிஎல்) என்பது 200 மணி நேரம் பறந்தவனுக்குக் கிடைக்கிற லைசென்ஸ், அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பு பைலட்டாகப் பறந்திருக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் செஸ்னா 172 மாதிரி நாலு சீட் விமானத்தில். ஏர்பஸ் ஏ320 ஓட்ட அதற்கென்று தனியாக டைப் ரேட்டிங், அதாவது அந்த ஒரு வகை விமானத்தை ஓட்டும் அனுமதி, வேண்டும். அதற்கு மேல் ஏர்லைன் ஆள் எடுக்க வேண்டும், எழுத்துத் தேர்வு, சைக்கோமெட்ரிக், சிமுலேட்டர் செக், இன்டர்வியூ எல்லாம் தாண்ட வேண்டும்.

இதில் பெரிய சிக்கல் என்னவென்றால் சும்மா இருப்பதற்கே செலவாகும். கிளாஸ் 1 மெடிக்கலை வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் 12 மாதம்தான், புதுப்பிக்க விமானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பறந்து காட்ட வேண்டும். பேங்க் கடனோ படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரைதான் பொறுக்கும். ஏழரை லட்சத்துக்கு மேல் போனாலே ஈடு கேட்கிறார்கள், பைலட் படிப்போ அரைக் கோடியைத் தொடுகிற விஷயம், எங்கள் வீட்டுப் பத்திரம் இன்னும் பேங்க்கில்தான் இருக்கிறது.

லைசென்ஸ் வந்த செய்தி எப்படித்தான் கசிகிறதோ தெரியவில்லை, முதலில் போன் செய்தவர் ஒரு கன்சல்டன்ட். வெளிநாட்டில் ஏ320 டைப் ரேட்டிங், திரும்பி வந்ததும் ஏர்லைன் வேலை, எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ், முன்பணம் இந்த வாரமே கட்டினால் சலுகை. ஒப்பந்தத்தை மெயிலில் அனுப்பச் சொன்னேன். வந்த காகிதத்தில் ஏர்லைன் பெயரும் இல்லை, தேதியும் இல்லை, வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதோடு அவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

சொந்தக் காசில் டைப் ரேட்டிங் செய்வதே தப்பு என்று சொல்ல வரவில்லை. என் பேட்ச்சில் அப்படிச் செய்து இன்று ஏ320-ல் பறக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது பதினைந்து லட்சத்தை ஒட்டிய பந்தயம், அதுவும் ஒரே வகை விமானத்தின் மேல். 2019 ஏப்ரல் 17-ம் தேதி ஜெட் ஏர்வேஸ் கடைசியாகப் பறந்தது. அதை நம்பி போயிங் 737 டைப் ரேட்டிங் முடித்து வைத்திருந்த புதியவர்களுக்கு அப்புறம் ஸ்பைஸ்ஜெட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் மாதிரி ஒரு சில கதவுகள்தான் இருந்தன, அங்கேயும் ஜெட்டில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள் வரிசையில் முன்னால் நின்றார்கள். 737-ஐ வைத்து ஆகாசா வந்தது 2022 ஆகஸ்ட்டில்தான். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றபோது ஏ320 பக்கமும் இதே கதை. டைப் ரேட்டிங் முடித்துவிட்டு விமானத்தில் உட்காராமல் இருந்தால், அதை உயிரோடு வைத்திருக்க மறுபடியும் சிமுலேட்டருக்குக் காசு கட்ட வேண்டும். எனக்கு அந்த இரண்டாவது செலவைத் தாங்கும் பலம் இல்லை, அதனால் அந்த வழியை ஒதுக்கினேன்.

மிச்சம் இரண்டு வேலை கையில் இருந்தது. வடக்கே ஒரு சார்ட்டர் நிறுவனத்தில் கிங் ஏர் விமானத்துக்கு கோ-பைலட். இன்னொன்று ஒரு ஃப்ளையிங் ஸ்கூலில், அசிஸ்டன்ட் ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங்கை அங்கேயே முடித்துக்கொண்டு வாத்தியாராகச் சேர்வது. என் மனசு முழுக்க கிங் ஏர்தான். இரட்டை டர்போபிராப் (டர்பைன் இன்ஜின் சுழற்றும் புரொப்பெல்லர்), பிரஷரைஸ்டு கேபின், போட்டோ எடுத்தால் ஊரே லைக் போடும்.

அப்பா லாரி வைத்திருக்கிறவர். விமானம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் நான் இரண்டையும் விளக்கியதைக் கேட்டுவிட்டு, "கண்ணு, ஒரு டிரைவர் வேலை கேட்டு வந்தா, பழைய வண்டில மாசம் எத்தன லோடு அடிச்சேன்னு நாங்க கேப்போம். நீ அதையவே மொதலாளியத் திருப்பிக் கேளு. வண்டி நின்னா உனக்குத்தான் பேட்டா இல்ல" என்றார்.

கேட்டேன். சார்ட்டர் ஆபீஸில் எச்.ஆர். பெண் நன்றாகத்தான் பேசினார், வருஷத்துக்கு நிறையப் பறக்கலாம் என்றார். சரி, கடைசியாகச் சேர்ந்த கோ-பைலட்டிடம் பேசலாமா என்றதும் கொஞ்சம் யோசித்துவிட்டு ஹேங்கருக்கு அனுப்பினார். அங்கே ஒருவர் ஏணி போட்டு கிங் ஏரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவர்தான் கோ-பைலட். கேபினைச் சுத்தம் செய்வது, பயணிக்குச் சாப்பாடு ஏற்றுவது, பெட்டி தூக்குவது, போகிற ஊரில் விமான நிலையம் எத்தனை மணிக்கு மூடுகிறது என்று விசாரிப்பது எல்லாம் அவர் வேலைதானாம். அதில் எனக்குக் கௌரவப் பிரச்சினை இல்லை. அவர் லாக்புக்கைக் காட்டினார். தேர்தல் பிரச்சார மாதங்களில் பக்கம் நிரம்பி வழிகிறது, அதற்கு முன்னும் பின்னும் ஒரு மாதத்துக்கு நாலைந்து வரிகள்தான். எல்லாமே கோ-பைலட் கணக்கு. மூன்று வருஷம் விலக மாட்டேன் என்று பாண்ட், அதற்கு ஈடாகத் தேதி போடாத செக். நடுவில் விலகினால் முதல் மாதமோ முப்பத்தைந்தாவது மாதமோ, முழுத் தொகையையும் கட்ட வேண்டும். அவரே, "டர்பைன் அனுபவம் வேணும்னா வா, அவசரத்துல இருக்கேன்னா வராத" என்றார். இவ்வளவு நேர்மையாக யாரும் எனக்கு வேலை விவரம் சொன்னதில்லை.

ஃப்ளையிங் ஸ்கூலிலும் அதே கேள்வியோடு போனேன். எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்டால் பயனில்லை, நிறுத்தி வைத்திருக்கிற விமானத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். இன்று காலை எத்தனை பறந்தது, மாணவர்கள் எத்தனை பேர், இன்ஸ்ட்ரக்டர்கள் எத்தனை பேர், மழை மாதத்தில் லாக்புக் எப்படி இருந்தது என்று அங்கே வேலை பார்க்கிற ஒரு அசிஸ்டன்ட் இன்ஸ்ட்ரக்டரிடம் டீக்கடையில் வைத்துக் கேட்டேன். ஜூலை, ஆகஸ்ட் மெலிந்துதான் இருந்தது. ஆனால் மற்ற மாதங்கள் ஒரே சீராக இருந்தன, அதுவும் இன்ஸ்ட்ரக்டர் பறக்கும் நேரம் பொறுப்பு பைலட் கணக்கில் ஏறும். பிற்பாடு கேப்டன் ஆக ஏ.டி.பி.எல். என்ற அடுத்த கட்ட லைசென்ஸ் வேண்டும், அதற்கு 1,500 மணி நேரம் வேண்டும், அந்தக் கணக்கில் பொறுப்பு பைலட்டாகப் பறந்த நேரத்துக்குத் தனி மதிப்பு. இங்கேயும் பாண்ட் கேட்டார்கள். விலகினால் கட்ட வேண்டிய தொகை மாதா மாதம் குறைகிற மாதிரி எழுதித் தாருங்கள் என்றேன், கொஞ்சம் இழுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள்.

சேர்ந்துவிட்டேன். சித்தப்பா இன்றுவரை, "அப்ப பெரிய பிளேன் ஓட்டலியா?" என்றுதான் கேட்கிறார்.

இன்ஸ்ட்ரக்டர் பயிற்சி நினைத்ததை விடக் கஷ்டம். அதுவரை இடது சீட்டில் உட்கார்ந்து இறக்கிய விமானத்தை வலது சீட்டிலிருந்து இறக்கும்போது ஓடுதளமே சாய்ந்து தெரிகிறது. அதோடு, கை செய்வதை வாய் அதே நொடியில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். சீஃப் இன்ஸ்ட்ரக்டர் மாணவன் மாதிரி நடித்து வேண்டுமென்றே தப்பு செய்வார், எப்போது கையை நீட்டுகிறேன் என்று பார்ப்பார். கன்ட்ரோலைச் சீக்கிரம் வாங்கினாலும் திட்டு, தாமதித்தாலும் திட்டு.

மாணவர்கள் யாருமே நடிப்பதில்லை என்பது வேலையில் சேர்ந்த பிறகு தெரிந்தது. மதிய வெயிலில் 172 தரையிலிருந்து எழும் சூட்டில் ஆடிக்கொண்டே இறங்குகிறது, ஓடுதளம் கிட்டே வந்ததும் பையன் பயத்தில் யோக்கை (விமானத்தின் ஸ்டீயரிங்) ஒரே இழுப்பாக இழுத்துவிடுகிறான், மூக்கு மேலே போகிறது, வேகம் விழுகிறது, வேகம் போதாது என்று எச்சரிக்கும் ஸ்டால் ஹார்ன் முனக ஆரம்பிக்கிறது. என் கை யோக்குக்கு அடியில் தொடாமல் நிற்கும். அவனே மூக்கைத் தாழ்த்திப் பவர் கொடுப்பானா என்று அரை நொடி பார்ப்பேன், இல்லையென்றால் "மை கன்ட்ரோல்ஸ்" சொல்லிவிட்டு கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறுவது. இதை ஒரு நாளில் பல முறை செய்கிறேன். அசிஸ்டன்ட் இன்ஸ்ட்ரக்டருக்கு மாணவனை முதல் சோலோ (தனியாகப் பறக்க) அனுப்பும் அதிகாரம் கிடையாது, சீனியர்தான் அனுப்புவார், இருந்தாலும் நான் கற்றுக்கொடுத்த பெண் முதல் சோலோ போன அன்று தரையில் நின்றுகொண்டு அவளுடைய ஒவ்வொரு ரேடியோ காலுக்கும் எனக்குத்தான் வேர்த்தது.

சம்பளம் வட்டிக்கும் மெஸ்ஸுக்கும் சரியாக இருக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் தாங்கும் வசதி இருக்கிறவர்கள், அல்லது ஒரு ஏர்லைன் கையெழுத்துப் போட்ட கடிதம் கையில் இருக்கிறவர்கள் டைப் ரேட்டிங்குக்கே போகட்டும், நான் தடுக்க மாட்டேன். நான் அடுத்து குறி வைத்திருப்பது ஏ.டி.ஆர் 72 என்ற டர்போபிராப் பயணிகள் விமானம். இண்டிகோ, அலையன்ஸ் ஏர், ஃப்ளை91 மூன்றும் அதை ஓட்டுகின்றன, எங்கள் சேலத்துக்கு வருவதும் அதுதான்.

இரண்டு காகித விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். டிஜிசிஏவின் 2017 விதிப்படி ஏர்லைனை விட்டு விலக கோ-பைலட் ஆறு மாதமும் கேப்டன் ஒரு வருஷமும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதனால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மாதம் வேறு இடம் மாறலாம் என்ற கணக்கு நடக்காது. இன்னொன்று, லாக்புக்கை மாத முடிவிலேயே சீஃப் இன்ஸ்ட்ரக்டரிடம் கையெழுத்து வாங்கி, டிஜிசிஏவின் ஈ-ஜிசிஏ இணையதளத்திலும் ஏற்றி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வேறு ஊருக்கு வேலை மாறிப் போன சீஃப் இன்ஸ்ட்ரக்டரைத் தேடி, பழைய பக்கங்களுக்குக் கையெழுத்து வாங்க ரயில் ஏறிய ஆட்களை எனக்குத் தெரியும்.