பேர் மட்டும் போடாதீங்க தம்பி

2023 ஜனவரியில் உத்தரகண்டில் ஜோஷிமட் ஊர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கும். இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களை வைத்து, 12 நாளில் தரை 5.4 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று வெளியிட்டது. ஓரிரு நாளில் அந்த அறிக்கை இணையதளத்திலிருந்து காணாமல் போய்விட்டது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இஸ்ரோ உட்பட பல அமைப்புகளுக்குக் கடிதம் போட்டது, ஊடகத்திடம் பேச வேண்டாம், சமூக வலைத்தளத்தில் தரவு எதையும் பகிர வேண்டாம் என்று. மக்கள் குழம்பிவிடுவார்களாம். சுவர் பிளந்த வீட்டுக்குள் நிற்கிறவனுக்குப் புதிதாக என்ன குழப்பம் வரப்போகிறது?

விஞ்ஞானிகள் வாயை அடைக்க எங்கள் பக்கம் கடிதம்கூடத் தேவைப்படுவதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு இருக்கிறது, பெரும்பாலும் பெங்களூரா, கூழ் ஃபேக்டரிக்குப் போகிற காய். பூ சரியாகப் பிடிக்காத ஒரு வருஷம் தெரிந்த விஞ்ஞானி ஒருவரைத் தோப்புக்கு அழைத்து வந்தேன், அரசு ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை. மனிதர் ஒரு பூங்கொத்தைப் பிடித்து உள்ளங்கையில் தட்டினார், நாலைந்து தத்துப்பூச்சி விழுந்தது. அப்புறம் காம்பெல்லாம் கருத்துப்போன இன்னொரு கொத்தைக் காட்டிப் பேச ஆரம்பித்தார் பாருங்கள், அரை மணி நேரம் நிறுத்தவே இல்லை. மா பூவெடுக்க ராத்திரிக் குளிர் வேண்டும், அது பிந்துகிறது, பூத்த பிறகு வரக்கூடாத மழை வந்து நோயைக் கொண்டுவருகிறது, பருவநிலை மாறுவதை ஊருக்கு முன்னால் உங்கள் மரம் சொல்கிறது என்றெல்லாம். இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. சரி, நம் ஊர்க்காரர்களும் கேட்கட்டும் என்று போனை எடுத்தேன்.

"பூச்சி, மருந்து, அளவு, இதெல்லாம் எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க. கிளைமேட் பத்திச் சொன்னதை விட்டுடுங்க. எழுதறதா இருந்தாலும் பேர் மட்டும் போடாதீங்க தம்பி."

யாராவது பேசக்கூடாது என்று சொன்னார்களா சார் என்று கேட்டேன். இல்லையாம். இதே விஷயத்தை ஆங்கிலத்தில் கட்டுரையாக எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினால் பதவி உயர்வுக்கு மதிப்பெண்ணாம், தமிழில் ஒரு விவசாயியின் போனில் பேசினால் மேலே இருந்து விளக்கம் கேட்பார்களாம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964, அதில் 9-வது விதி, அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிக்கக்கூடாது என்கிறது. மாநில அரசுக்கும் 1973-இல் போட்ட நடத்தை விதிகள் இருக்கின்றன. "ராத்திரிக் குளிர் குறைகிறது" என்பது எந்தக் கொள்கைக்கு விமர்சனம் என்று கேட்டால் பதில் கிடையாது, ஆனால் பென்ஷன் வாங்க வேண்டியவர் அந்தக் கேள்வியை ஏன் சோதித்துப் பார்க்கப் போகிறார்?

வெளிநாட்டில் ரொம்ப யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். நாசாவின் பருவநிலை விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் 1989-இல் அமெரிக்க செனட் முன்னால் கொடுத்த சாட்சியத்தையே வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் திருத்தியது, மனிதர் அதை அங்கேயே போட்டு உடைத்தார். 2005 கடைசியில் அவருடைய பேட்டிகளுக்குக் கட்டுப்பாடு போட்டதும் வெளியே வந்து நாறியது. அதே 2005-இல் ஃபிலிப் கூனி என்று ஒருவர், முன்பு எண்ணெய்க் கம்பெனிகளின் சங்கத்துக்காக வேலை பார்த்தவர், வெள்ளை மாளிகையில் உட்கார்ந்துகொண்டு பருவநிலை அறிக்கைகளில் பேனாவை ஓட்டியது அம்பலமாகி ராஜினாமா செய்தார். போன வேகத்தில் எக்ஸான்மொபில் எண்ணெய்க் கம்பெனியில் சேர்ந்தார். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

கனடா கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் ஆட்சியில் சுற்றுச்சூழல் துறை விஞ்ஞானிகள் நிருபரிடம் பேச வேண்டுமென்றால் முதலில் ஊடகப் பிரிவின் அனுமதி. அனுமதி வருவதற்குள் செய்தி பழசாகிவிடும், அவ்வளவுதான் தந்திரம். 2013-இல் அவர்களுடைய தொழிற்சங்கம் எடுத்த கணக்கெடுப்பில் 90 சதவீதம் பேர் ஊடகத்திடம் சுதந்திரமாகப் பேச முடியவில்லை என்றார்கள். 2015-இல் ஆட்சி மாறியதும் தடை போனது. ஆனால் அடுத்து வருகிறவன் திரும்பப் போட்டால்? அதனால் அரசோடு போடும் ஊதிய ஒப்பந்தத்திலேயே விஞ்ஞானிகள் தங்கள் ஆய்வைப் பற்றிப் பேசும் உரிமையை எழுதி வாங்கிவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்.

ஆளாளுக்குப் பேசினால் பீதி கிளம்பும் என்ற வாதத்தை நான் முழுசாகத் தள்ளவில்லை. ஆனால் மழைக்காலத்தில் "அணை உடைஞ்சிடுச்சு" என்று எவனோ பேசிய ஆடியோ நம் வாட்ஸ்அப் குரூப்புக்கு வராத வருஷம் உண்டா? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது, நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. இது ஏன் என்று டீக்கடையில் ஆளுக்கொரு விளக்கம், ஜோசியம் உட்பட. ஒரு டிகிரி சூடு ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதற்காக இந்த ஒரு மழையை மட்டும் தனியாக எடுத்து உடனே பழி போட்டுவிட முடியாது, ஆய்ந்துதான் சொல்ல வேண்டும் என்று அளந்து பேசத் தெரிந்தவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள், நம் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறார்கள். அவர்கள் வாயைத்தான் கட்டி வைத்திருக்கிறோம்.

கலெக்டர் ஆபீஸில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஆராய்ச்சி நிலையங்களில் எடுக்கும் வெப்பநிலை, மழைக் கணக்கைத் தமிழில் வெளியிட வேண்டும், தாங்கள் ஏற்கெனவே வெளியிட்ட ஆய்வைப் பற்றி விஞ்ஞானிகள் எங்களிடம் பேரோடு பேச யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று எழுத்தில் ஒரு உத்தரவு வேண்டும். இரண்டாவதைப் பார்த்துவிட்டு எங்கள் சங்கத் தலைவர், "இது கலெக்டர் கையில இல்லப்பா, சென்னைக்குப் போகணும்" என்றார். போகட்டும், மனுவில் முதல் கையெழுத்து தலைவருடையதுதான்.