வேட்டி, சேலை, மீன்பிடி நரம்பு: ட்ரோன் எதைப் பார்க்கிறது?

செம்பனை (பாமாயில் மரம்) வரிசைகளுக்கு நடுவில், ஓலைக்குக் கீழே ட்ரோன் ஓட்டும் யோசனையை இப்போதைக்கு விட்டுவிட்டேன். இனி மேலேயிருந்து மட்டும்தான். ஏன் என்று எழுதி வைக்கிறேன். மலேசியாவில், இங்கே பினாங்கில் தோட்டம் வைத்திருக்கும் வேறு யாருக்காவது இதே ஆசை வந்திருக்கலாம்.

இடம் நிபோங் திபால், மாமாவின் சிறு தோட்டம். கானோடெர்மா என்ற பூஞ்சை செம்பனையின் அடிமரத்தை உள்ளிருந்து அழுகவைக்கும். அடியில் காளான் தள்ளும் நேரத்துக்குள் மரம் பெரும்பாலும் கைவிட்டுப் போயிருக்கும். மாமாவுக்கு முட்டிவலி, ஒவ்வொரு மரமாகக் குனிந்து பார்க்க முடிவதில்லை. "அதுக்குத்தான் சுத்தியும் கண்ணு இருக்கேடா, மோதாம போயிட்டு வராதா?" என்றார்.

சுற்றியும் இல்லை மாமா. என்னுடையது 250 கிராமுக்குள் அடங்கும் சின்ன ரகம். தடையை உணரும் அதன் கண்கள் முன்னால், பின்னால், கீழே பார்க்கும். இடது, வலது, மேல் மூன்றும் குருடு. நாலா பக்கமும் பார்க்கும் ரகங்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஆனால் அவையும் பார்க்கும் முறை இதுதான் என்பதால், கீழே எழுதியதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

முறை பழையது. 2016இல் டிஜேஐ நிறுவனத்தின் ஃபாண்டம் 4 ட்ரோன் முன்பக்கம் ஒரு ஜோடி சின்னக் கேமராக்களோடு வந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கமாக உட்கார்ந்திருக்கும். ஒரே பொருள் இரண்டு படத்திலும் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழும். கிட்டத்தில் இருந்தால் அதிகம் தள்ளும், தூரத்தில் இருந்தால் குறைவாகத் தள்ளும். அந்தத் தள்ளலை வைத்துத்தான் தூரத்தைக் கணக்குப் போடுகிறது. என்னுடையதில் இரண்டு கண்ணுக்கும் இடைவெளி ஒரு சாண்கூட இல்லை. தள்ளலைக் கண்டுபிடிக்க, இந்தப் படத்தில் இருக்கும் புள்ளி அந்தப் படத்தில் எங்கே என்று அடையாளம் தெரிய வேண்டும். அடையாளமே இல்லாத பொருள் வந்தால்? அங்கேதான் சோதனையை ஆரம்பித்தேன்.

தோட்டத்து ஓரம் காலி இடத்தில் இரண்டு மூங்கில் நட்டேன். முதலில் அத்தையின் சுங்குடிச் சேலை. உடம்பெல்லாம் புள்ளி, இதைவிட நல்ல இலக்கு கிடைக்காது. காலை வெயிலில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால், ஒவ்வொரு தடவையும் சில மீட்டர் முன்னாலேயே பீப் அடித்து நின்றது. எவ்வளவு ஸ்டிக்கைத் தள்ளினாலும் நகராது. மாமா கைதட்டினார்.

அடுத்து மாமாவின் வெள்ளை வேட்டி. கரையைப் பின்னால் மடித்து, சுருக்கமே இல்லாமல் இழுத்துக் கட்டினேன். இப்போது கதை மாறியது. சில சமயம் ரொம்பக் கிட்டே போய் நின்றது. சில சமயம் திரையில் தடை என்ற எச்சரிக்கையே வரவில்லை, நானாக ஸ்டிக்கை விட்டுத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. வெயில் சாய்ந்து மூங்கிலின் நிழல் வேட்டியில் விழுந்ததும் மறுபடி ஒழுங்காக நின்றது! நிழலின் ஓரம் அதற்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். தோட்டத்தில் வெள்ளை வேட்டி தொங்காது என்றாலும், புதிதாக வெள்ளையடித்த தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுச் சுவரும் இதே கதைதான். கொண்டோ அடுக்குமாடிக் கண்ணாடி இன்னும் மோசம். கண்ணாடியில் தெரியும் வானத்தைப் பார்த்துவிட்டு வழி காலி என்று நினைத்துக்கொள்ளும்.

அடுத்தது கயிறு. எனக்கு உண்மையில் தெரிய வேண்டியிருந்தது இதுதான், ஏனென்றால் தோட்டத்தின் ஒரு மூலையில் மின்கம்பி குறுக்கே போகிறது. விரல் தடிமன் கயிறு, கறுப்பு வயர், மீன்பிடி நரம்பு மூன்றையும் எடுத்துக்கொண்டேன். செங்குத்தாகத் தொங்கவிட்டால் கயிறு தெரிந்தது, வயர் தாமதமாகத் தெரிந்தது, நரம்பு ஒருபோதும் தெரியவில்லை. இது நான் எதிர்பார்த்ததுதான். 5 மில்லிமீட்டர் கம்பி 10 மீட்டர் தள்ளி இருந்தால், அது ஒரு பாகையில் முப்பதில் ஒரு பங்குகூட இடம் பிடிக்காது. அந்தச் சின்னக் கேமராவில் அது ஒரு பிக்சலைக்கூட நிரப்பாது.

எதிர்பார்க்காதது அடுத்து வந்தது. அதே தடிமன் கயிற்றை மூங்கிலுக்கு மூங்கில் படுக்கைவாட்டில் கட்டினேன். செங்குத்தாக இருந்தபோது நின்ற ட்ரோன், இப்போது பெரும்பாலும் நிற்காமல் வந்தது. கயிற்றில் இடையிடையே முடிச்சுப் போட்டு, ஒரு சிவப்புத் துணியும் கட்டினேன். உடனே நின்றது.

காரணம் புரிய ஒரு நூல் போதும். இரண்டு கைகளிலும் பிடித்து, முனைகள் கண்ணில் படாதபடி முகத்துக்கு முன் படுக்கைவாட்டில் நீட்டுங்கள். இடது கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு வலது கண்ணை. நூல் நகர்ந்ததாகவே தெரியாது, ஏனென்றால் அது தள்ளுவதும் தன் நீளவாக்கிலேயேதான். செங்குத்தாகப் பிடித்தால் டக்கென்று இடம் மாறும். பக்கத்தில் பக்கமாக இருக்கும் இரண்டு கேமராவுக்கும் இதே சங்கடம். இனி மின்கம்பிகளை யோசியுங்கள்: எல்லாமே படுக்கைவாட்டில்தான் ஓடுகின்றன, எல்லாமே மெல்லியவை, முடிச்சும் கிடையாது. ட்ரோனுக்குத் தெரிவது கம்பம் மட்டும். நாம் சாதாரணமாக மோத வாய்ப்புள்ள பொருட்களில் ஆபத்தானதற்குத்தான் அந்தக் கண் மிகவும் மங்கல் என்பது எனக்குக் கொஞ்சம் கடுப்பாகவே இருந்தது.

செம்பனை ஓலை இவை எல்லாவற்றின் கலவை. மரங்களை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவார்கள். முதிர்ந்த மரத்தின் ஓலையே 6, 7 மீட்டர் நீளும். ஆக இரண்டு மரத்து ஓலைகளும் நடுவில் ஒன்றையொன்று தாண்டிக் கிடக்கும். ஓலையின் தண்டு தெரிகிறது, நுனியில் பிரியும் கீற்றுகள் தெரிவதில்லை. காற்றில் அவை ஆடவும் செய்யும். முன்னால் பார்த்து நின்றாலும், அடிமரத்தைச் சுற்றிப் படம் எடுக்கப் பக்கவாட்டில் நகர வேண்டும். என் ட்ரோனுக்குப் பக்கவாட்டில் கண்ணே இல்லை. கோயில் கோபுரத்தைச் சுற்றி வட்டமடிக்கும் வீடியோ எடுப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வட்டம் முழுக்கப் பக்கவாட்டுப் பயணம்தான்.

வெளிச்சம். கையேட்டில் 15 லக்ஸுக்குக் கீழே வேலை செய்யாது என்று இருக்கிறது. பினாங்கில் சூரியன் மறைய ஏறக்குறைய ஏழு மணி ஆகிவிடும், ஆனால் ஓலைக்கு அடியில் அதற்கு முன்னாலேயே திரையில் எச்சரிக்கை வந்துவிடுகிறது. மதியமும் சௌகரியமில்லை. ஓலை வழியாக விழும் வெயில் திட்டுத் திட்டாக இருக்கும், திட்டு வெளுத்துப் போகும், பக்கத்து நிழல் கறுத்துப் போகும்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்போர்ட் மோடுக்குப் போனாலே சென்சார் அணைந்துவிடும். பிரேக் பிடித்து நிற்கக் காற்றில்லாத நாளில் சாதாரண மோடில் 10 மீட்டர், ஸ்போர்ட்டில் 30 மீட்டர் வேண்டும் என்று கையேடு சொல்கிறது. வேகமாகப் போகும்போது ட்ரோன் மூக்கைக் குனிந்துகொள்ளும், கண்ணும் கூடவே தரையைப் பார்க்கும்.

என்னை முழுதாகப் பின்வாங்க வைத்தது வேறு ஒன்று: ரிட்டர்ன் டு ஹோம். சிக்னல் போனால் ட்ரோன் பொதுவாக நாம் குறித்து வைத்த உயரத்துக்கு ஏறிய பிறகுதான், தானாகவே கிளம்பிய இடத்துக்குத் திரும்பும். ஓலைக்கு அடியில் அடிமரங்கள் சிக்னலை மறைக்கும், அதாவது சிக்னல் போக வாய்ப்பு அதிகமுள்ள இடமே அதுதான். மேலே கண் இல்லாதது நேராக ஓலைக்குள் ஏறும். அமைப்பில் இதை மாற்றி, சிக்னல் போனால் இருந்த இடத்திலேயே மிதக்கச் சொல்லலாம். ஆனால் ஓலைக்கு அடியில் ஜிபிஎஸும் பலவீனம். கீழே பார்க்கும் கேமராதான் அதை ஓரிடத்தில் பிடித்து வைக்க வேண்டும். மழை பெய்து வாய்க்காலில் தண்ணீர் நின்றால், அந்தக் கேமராவுக்கும் பிடிமானம் இல்லை. பேட்டரி தீரும்வரை அது எந்தப் பக்கம் நகரும் என்று காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே இப்போது செய்வது இது. முதலில் நடந்து கம்பியும் கம்பமும் எங்கே என்று பார்க்கிறேன். தோட்டத்தின் மிக உயரமான மரத்துக்கு மேலே தாராளமாக இடம் விட்டு ரிட்டர்ன் உயரத்தைக் குறிக்கிறேன் (தரையிலிருந்து 400 அடி என்பது நம் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் எல்லை, அவ்வளவு தேவையும் இல்லை). ஓலைக்கு நன்றாக மேலே, கம்பி இருக்கும் மூலையைத் தவிர்த்து, கேமராவை நேர்கீழாகத் திருப்பி வரிசை வரிசையாக ஓட்டுகிறேன். அந்த உயரத்தில் தவிர்க்கத் தடை எதுவும் இல்லை. சென்சாரை அணைப்பதில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். அது பீப் அடித்தால் நான் ஏற்கெனவே பார்த்திருக்க வேண்டிய ஒன்று என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

மேலேயிருந்து அடிமரம் தெரியாது. ஆனால் நோய் முற்றிய மரத்தில் குருத்துகள் விரியாமல் ஈட்டி மாதிரி நிற்கும், அது படத்தில் நன்றாகத் தெரிகிறது. வெளுத்த ஓலையும் தெரிகிறது. சந்தேகமான மரங்களைப் படத்தில் குறித்துக் கொடுத்தால், மாமா அவற்றை மட்டும் போய்ப் பார்க்கிறார். "எல்லா மரத்துக்கும் நடக்கறதுக்கு இது எவ்வளவோ தேவல" என்கிறார். வெளியே அடையாளம் காட்டாத ஆரம்பக்கட்ட நோய் இதில் சிக்காது. அதற்கு நடையும் போதாது, ட்ரோனும் போதாது.

நண்பர் ஒருவரிடம் முன்பக்கம் லைடார் வைத்த ரகம் இருக்கிறது. 2024இல் டிஜேஐயின் ஏர் 3எஸ் வந்ததிலிருந்து இது சாதாரண ட்ரோன்களுக்கும் வந்துவிட்டது. லைடார் தன் ஒளியைத் தானே அனுப்பிப் பார்ப்பதால் இருட்டும் வெள்ளை வேட்டியும் அதற்குப் பொருட்டில்லை. ஆனால் அது புள்ளி புள்ளியாகத்தான் அளக்கிறது. படுக்கைவாட்டு வயர் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் தப்பிக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழை விட்டதும் மூங்கிலை மறுபடி நடுவோம்.