காரங்காட்டு அலையாத்தியும் கண்மாய் மறுகாலும்

காரைக்குடியில் விடியுமுன் கிளம்பி, தேவகோட்டையையும் திருவாடானையையும் தாண்டித் தொண்டியில் காப்பி குடித்தபோது, கடல் கடந்து வணிகம் செய்த நம் செட்டிநாட்டவர்கள் கடலை மறந்தது எப்போது என்று அப்பத்தாவிடம் கேட்டேன். கப்பலில் வந்த பர்மாத் தேக்குத் தூணைத் தினமும் துடைக்கிறேனே, அது போதாதா என்றார்.

தொண்டிக்குத் தெற்கே, கோட்டக்கரையாறு பாக் விரிகுடாவில் கலக்கும் கழிமுகத்தில் இருக்கிறது காரங்காடு. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து இங்கே படகுச் சவாரி நடத்துகிறார்கள். துடுப்புப் படகுக்கென்றே வருகிறவர்களும் உண்டு. கால்வாய் குறுகியதும் படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கழியை ஊன்றினார். ஆழமில்லாத நீரில் விசிறி சுழன்றால் சேறு கலங்கும், கடற்புல் வேரோடு அறுபடும் என்றார். பிறகு உப்பு நீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி மரத்தின் இலை ஒன்றைத் திருப்பி, "நக்கிப் பாருங்கள் ஆச்சி" என்று நீட்டினார். அடிப்புறத்தில் பொடிப்பொடியாக உப்பு படிந்திருந்தது. வேர் உறிஞ்சிய உப்பை இலை இப்படித்தான் வெளியேற்றுகிறது. கரைச் சேற்றில் பென்சில்களை நட்டு வைத்ததுபோல் மூச்சுவேர்கள் நின்றன. அவற்றில் ஒன்றில் காரைக்குடிப் பலகாரக் கடைப் பை சுற்றிக் கிடந்தது. ஆற்றோடு வந்ததோ, எங்களைப்போல் யாரேனும் கொண்டுவந்ததோ!

அலையாத்திக் காடுகளை 2019 ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மிகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவில் வைத்திருக்கிறது. இதே விரிகுடாவில் வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரமாக 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022இல் அறிவிக்கப்பட்டது. நல்ல செய்திகள்தான். ஆனால் காரங்காட்டுக்கு வேண்டிய ஒன்றைக் கடற்கரைச் சட்டத்தால் மட்டும் கொடுத்துவிட முடியாது என்று எனக்குப் படுகிறது. மழைக்காலத்தில் உள்நாட்டிலிருந்து நன்னீர் இறங்கி உப்பைத் தணிக்காவிட்டால், அலையாத்தி செத்துப்போகாவிட்டாலும் குட்டையாகிக் குறுகிவிடும். கன்றுகளும் எளிதில் பிழைக்கா. அந்த நன்னீரோ சிவகங்கைச் சீமைக் கண்மாய்கள், அதாவது ஏரிகள், நிறைந்து, மிஞ்சிய நீர் மறுகாலாகப் பாய்ந்து, ஆற்றைச் சேர்ந்தால்தான் இங்கு வந்து சேரும். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர்த்து மனை போடுகிறவர் கழிமுகத்தைக் கண்ணால்கூடக் கண்டிருக்க மாட்டார்.

ஊர்ப் பெண்கள் சமைத்த நண்டுக் குழம்பு நம் வீட்டுக் காரத்துக்குக் குறைந்ததில்லை என்று அப்பத்தாவே ஒப்புக்கொண்டார், அது அபூர்வம். படகோட்டி எடுத்துக் கொடுத்த அந்தப் பையை மடித்து மடியில் வைத்திருந்தவர், திரும்பும் வழியில் ஒரு கண்மாயில் மிஞ்சிய நீர் வெளியேறும் கலுங்கருகே வண்டியை நிறுத்தச் சொன்னார். மறுகால் ஓடையில் கட்டட இடிபாடு கொட்டிக் கிடந்தது. இறங்கி, ஓடை போகும் திசையைக் கிழக்கே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.