ஏணி மேல் நின்று வாங்கிய டிரில்

எங்கள் வீட்டில் டிரில் இல்லாமல் இல்லை. அப்பா வாங்கிய ஒயர் டிரில் ஒன்று, கைக்குழந்தை கனத்தில், இன்றைக்கும் பரண் மேல் இருக்கிறது. அதைக் கூரைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டும், ஒயரைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், தூறல் விழுந்தால் "நிறுத்து, நிறுத்து" என்று கீழேயிருந்து கத்த அம்மா வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் கரன்ட் வேண்டும். ஊட்டிக்குப் பக்கம் எங்கள் தலைகுந்தாவில் கூரைத் தகரம் பிய்கிற நாளும் கரன்ட் போகிற நாளும் பெரும்பாலும் ஒரே நாள்தான்.

2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது பலருக்கு நினைவிருக்கும். அந்த வாரம் எங்கள் பக்கம் காற்றுதான் கொடுமை. பின்பக்கச் சாய்ப்பில் ஒரு தகரம் மூலை ஆணி கழன்று, ராத்திரி முழுக்கப் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. ஆசாரி அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஒரு வாரம் ஆகும் டீச்சர், ஊரே பிஞ்சு கெடக்கு" என்றார். வந்தது 17ஆவது நாள். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அதுவரை தகரத்தின் மேல் மூன்று கருங்கல்லும் ஒரு அம்மிக் குழவியும் உட்கார்ந்திருந்தன. குரங்குகள் வந்து அந்தக் குழவியைப் பார்த்துவிட்டுப் போயின.

அப்போதுதான் பேட்டரி டிரில் வாங்கும் ஆசை வந்தது. முதலில் வாங்கியதைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லாவிட்டால் இரண்டாவதாக வாங்கியதன் அருமை புரியாது.

ஆன்லைனில் ஒரு பெட்டி. 46 சாமான் என்று போட்டிருந்தது. பிரித்து எண்ணினால், பிளாஸ்டிக் பிளக்கும் சின்னத் திருகாணியும் சேர்த்துத்தான் அந்த 46. பேட்டரியில் பெரிய எழுத்தில் 48விஎஃப் என்று இருந்தது. நானே பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டவியல் எடுக்கிறவள், அந்தக் கடைசி 'எஃப்'பைக் கவனிக்கவில்லை. வோல்ட்டுக்குப் பக்கத்தில் இன்னோர் எழுத்து ஒட்டிக்கொண்டு நின்றால் அது வோல்ட்டே இல்லை, வெறும் அலங்காரம். இரண்டாவது குளிர்காலத்தில் பேட்டரி செத்தது. மாற்று பேட்டரி வாங்கலாம் என்று தேடினால் அந்தப் பெயரில் எந்தக் கடையிலும் ஒன்றும் இல்லை. டிரில் நன்றாக இருந்தது, உயிர்தான் இல்லை.

கோபத்தில் அந்த பேட்டரியைச் சமையலறைத் தராசில் வைத்தேன். மேலே 6 ஆம்பியர்-ஹவர் என்று அச்சிட்டிருந்தது, பேட்டரி எவ்வளவு மின்னூட்டம் பிடிக்கும் என்கிற அளவு அது. எடை 310 கிராம். இந்த பேட்டரிகளுக்குள் பெரும்பாலும் இருப்பது 18650 என்ற உருளைச் செல். விரல் மொத்தம், ஒவ்வொன்றும் சுமார் 45 கிராம். உறை, சர்க்கியூட் எல்லாம் கழித்தால் ஐந்து செல்லுக்கு மேல் உள்ளே இருக்க வழியில்லை. அந்த அளவுச் செல்லில் நல்லதே மூன்றரை ஆம்பியர்-ஹவர்தான் கொடுக்கும். ஐந்தையும் வரிசையாகக் கோத்தால் வோல்ட் கூடும், ஆம்பியர்-ஹவர் கூடாது. பிறகு ஆறு எங்கிருந்து வந்தது? தராசு இருந்தால் போதும், பேட்டரியின் பொய் தெரிந்துவிடும். அடுத்த வாரம் வகுப்பில் இதையே கணக்காகப் போட்டேன். பிள்ளைகள் பாடப்புத்தகக் கணக்கைவிட வேகமாகச் செய்தார்கள்.

அதே கணக்குதான் 18, 20 குழப்பத்துக்கும். ஒரு லித்தியம் செல் சராசரியாக 3.6 வோல்ட். ஐந்து செல் என்றால் 18. முழுக்க சார்ஜ் ஏறிய நிமிடத்தில் ஒவ்வொன்றும் 4.2 வரை நிற்கும், அப்போது மொத்தம் 21. அதைத்தான் சிலர் கொஞ்சம் குறைத்து '20 மேக்ஸ்' என்று விற்கிறார்கள். டிவால்ட் கம்பெனி அமெரிக்காவில் 20 மேக்ஸ் என்றும் ஐரோப்பாவில் 18 என்றும் எழுதுகிறது. உள்ளே அதே ஐந்து செல்கள்தான். ஆகவே 18ஆ 20ஆ என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கிப் பாருங்கள். 18க்கு 4 என்றால் 72 வாட்-ஹவர், 2 என்றால் 36. பெட்டிக்குள் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்று சொல்வது அந்த எண்தான்.

இரண்டாவது முறை ஆன்லைன் பக்கமே போகவில்லை. கோயம்புத்தூரில் தம்பி வீட்டுக்குப் போனபோது ஒரு டூல்ஸ் கடைக்குள் நுழைந்தேன். பாஷ், மகிட்டா, டிவால்ட் எல்லாம் வரிசையாக மாட்டியிருந்தார்கள். கடைக்காரர் டார்க் என்கிற முறுக்குவிசை, ஆர்பிஎம் என்கிற சுற்று வேகம் என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணா, ஒரு ஏணி இருக்குமா?"

"ஏணி எதுக்குங் மேடம்?"

"மேல ஏறி நின்னு இதைத் தூக்கிப் பிடிச்சுப் பாக்கணும்."

"இங்கயே பிடிச்சுப் பாருங், மேல போனாலும் அதே வெயிட்டுதானுங்களே."

நியாயமான பேச்சுதான். ஆனாலும் சரக்கு இறக்கும் பையன் சிரித்துக்கொண்டே ஏணியைக் கொண்டுவந்து போட்டான். மூன்றாம் படியில் நின்றேன். இடது கையால் அலமாரிச் சட்டத்தைப் பிடித்தேன், கூரைமேல் தகரத்தைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தைப் பிடிப்பதுபோல. வலது கையில் டிரில், தலைக்கு மேலே, இரண்டு நிமிடம். 4 ஆம்பியர்-ஹவர் (ஏஹெச்) பேட்டரி போட்டது ஒன்றே முக்கால் கிலோ இருந்தது. ஒரு நிமிடம் தாண்டியதும் தோள் முணுமுணுக்க ஆரம்பித்தது. அதே டிரிலில் 2 ஏஹெச் பேட்டரியைப் போட்டுக் கொடுத்தார். இரண்டு நிமிடமும் நின்றேன், இறங்க மனமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரமும் நின்றேன். ஒரு பெரிய பேட்டரிக்குப் பதிலாக இரண்டு சின்ன பேட்டரி என்று அங்கேயே முடிவானது. ஒன்று மேலே வேலை செய்யும், ஒன்று கீழே சார்ஜாகும்.

பிராண்டை முடிவு செய்தது ஊட்டிக் கடைதான். மலையிலிருந்து இறங்காமலேயே எந்தக் கம்பெனி பேட்டரி கிடைக்கும் என்று முந்தின வாரமே மூன்று கடையில் கேட்டு வைத்திருந்தேன். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி டிரிலில் பெரும்பாலும் ஏறாது. அதனால் முதல் டிரிலை வாங்கும்போதே அடுத்த பத்து வருடத்துக்கான சம்பந்தம் பேசியாகிறது. என்ன பிராண்டு என்று கேட்காதீர்கள். உங்கள் ஊர்க் கடையில் எது இருக்கிறதோ அதுதான் உங்கள் பிராண்டு.

ஒரு டிரில், ஒரு இம்பேக்ட் டிரைவர், இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர். 17,500 ரூபாய். இரும்பு அறுக்கும் கிரைண்டரும் சேர்ந்த செட்டை எடுக்கச் சொன்னார், வேண்டாம் என்றேன். கிரைண்டர் சின்ன பேட்டரியை மடமடவென்று குடித்துவிடும். அதோடு எனக்கு அறுக்கும் வேலை வருடத்துக்கு இரண்டு முறைகூட வராது. கேட் கீலைக் காட்டெருமை ஒருமுறை முட்டிப் பிய்த்தபோது வெல்டிங் பட்டறையில் அறுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

டிரில் இருக்கும்போது இம்பேக்ட் டிரைவர் எதற்கு என்று என் தம்பியே கேட்டான். ஏணி மேல் நிற்காதவர்கள் கேட்கிற கேள்வி இது. டிரில் ஒரே பிடியாகச் சுற்றும். திருகாணி எங்காவது இறுகிச் சிக்கினால் டிரில் உங்கள் மணிக்கட்டைச் சுற்றப் பார்க்கும். தரையில் என்றால் கை வலிக்கும், ஏணியில் என்றால் ஆளே போய்விடுவோம். இம்பேக்ட் டிரைவருக்குள் ஒரு சின்னச் சுத்தியலும் அது அடிக்க ஒரு பட்டறைக்கல்லும் இருக்கின்றன. லேசாகப் போகும்வரை சும்மா சுற்றும். இறுகியதும் உள்ளே சுத்தியல் சுற்றுவாட்டில் டகடகடகவென்று அடிக்க ஆரம்பிக்கும். அந்த அடி திருகாணிக்குப் போகிறது, கைக்கு அதிர்வு மட்டும்தான் வருகிறது. சத்தம் மட்டும் காதைக் கிழிக்கும், பஞ்சு வைத்துக்கொள்வேன்.

சாய்ப்புத் தகரம் முழுக்க ஆணியைப் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூ போட்டது அந்த ஏப்ரலில்தான், மழைக்கு முன்னால். ஆணி ஏன் கழல்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. மழையில் ஊறி ரீப்பர் உப்பும், வெயிலில் சுருங்கும். ஒவ்வொரு முறையும் ஆணி ஒரு நூலளவு மேலே வரும், மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். ஸ்க்ரூவின் மரை கட்டையைக் கவ்விக்கொள்கிறது. மர ரீப்பருக்குக் கூர் முனை ஸ்க்ரூ, இரும்பு ரீப்பருக்கு நுனியிலேயே டிரில் பிட் போல வெட்டு உள்ள ஸ்க்ரூ. கடையில் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும், மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். தகரத்தின் மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளம் தண்ணீர் ஓடுகிற வழி.

முக்கியமான இடம் ஸ்க்ரூ தலைக்கடியில் இருக்கும் கருப்பு ரப்பர் வாஷர். முதல் பத்து ஸ்க்ரூவையும் நான் கெடுத்தேன். இம்பேக்ட் டிரைவரின் உற்சாகத்தில் விரலை எடுக்காமல் அழுத்தினேன். ரப்பர் பிதுங்கி, காளான் குடை மாதிரி விரிந்து, ஓரத்தில் கீறலே விட்டுவிட்டது. அப்படி நசுங்கிய வாஷர் ஒரு வெயிலில் வெடிக்கும், அடுத்த மழையில் ஒழுகும். சரியான இடம் எது என்று கண்ணுக்குத் தெரியும். ரப்பர் இரும்புத் தட்டின் விளிம்பைவிட மயிரளவு வெளியே எட்டிப் பார்க்க வேண்டும், அத்தோடு விட வேண்டும். டகடக மூன்று முறை கேட்டதும் விரலை எடுத்தால் எனக்குச் சரியாக வந்தது. ஆசாரி அண்ணன் ஒருநாள் வந்து, ஏணியில் ஏறி, ஒவ்வொரு வாஷராக விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கெடுத்த பத்தில் மூன்றைக் காட்டி, "இது நீங்க போட்டது, இதுவும் நீங்க போட்டது" என்றார். மற்றதெல்லாம் யார் போட்டார்களாம்!

கல் சுவருக்கு இந்த டிரில் உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டின் முன் சுவர் பழைய கருங்கல். டிரிலில் சுத்தியல் படம் போட்ட நிலை இருக்கிறதே என்று அரை மணி நேரம் போராடினேன். கல்லில் ஐந்து பைசா அளவு வெள்ளைத் தழும்பு விழுந்தது. அந்த நிலையில் உள்ளே இரண்டு பல் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று தடதடப்பது மட்டும்தான் நடக்கிறது. செங்கல்லுக்குப் போதும். கருங்கல்லுக்கு ரோட்டரி ஹேமர் வேண்டும், அதில் பிஸ்டன் காற்றை அழுத்திக் கல்லைக் குத்தும். எலக்ட்ரீஷியன் தம்பியிடம் ஒருநாள் இரவல் வாங்கி நாலு துளை போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

கல்லில் தோற்ற மறுநாள், அந்த எரிச்சலில் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒன்று சொன்னேன். பேட்டரி டிரிலை நாசா கண்டுபிடித்தது என்று பலர் நம்புகிறார்கள். பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி 1961லேயே கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் 1971இல் அப்போலோ 15இல் போன டேவிட் ஸ்காட் நிலாவில் பேட்டரி டிரிலோடு மல்லுக்கட்டியது உண்மை. நினைத்த ஆழத்துக்குத் துளை இறங்கவே இல்லை. "அப்ப உங்களுக்கு மட்டும் எப்படி மிஸ் இறங்கும்?" என்றான் கடைசி பெஞ்சுப் பையன்.

மலையில் இருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாம் எல்லோரும் மஃப்ளர், சால்வை, கம்பளிக் கையுறையோடுதான் வேலை செய்கிறோம். போன டிசம்பரில் அலமாரிக்குத் துளை போடக் குனிந்தபோது என் மஃப்ளரின் ஒரு முனை, பிட்டைக் கவ்வும் சக்கில் சுற்றியது. ஒரு நொடிதான். கழுத்து டிரிலை நோக்கிப் போனது, விரல் தானாக விசையை விட்டது, டிரில் நின்றது. ரிவர்ஸில் போட்டு மெதுவாகச் சுற்றி எடுத்தேன். நூல் பிரிந்த அந்த மஃப்ளர் இப்போது பூனைக்குப் படுக்கை. குளிர்ந்தாலும் பரவாயில்லை, டிரிலைத் தொடுமுன் தொங்குகிற எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கம்பளிக் கையுறையும் அதில் சேரும்.

அப்புறம் பனி. சனவரிக் காலையில் கொட்டகையில் இருந்த டிரிலை எடுத்து அழுத்தினால் அரைச் சுற்று சுற்றி நின்றது. புல் எல்லாம் வெள்ளையாக இருந்தது. பேட்டரியைச் சார்ஜரில் மாட்டினால் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது, ஏற மாட்டேன் என்கிறது. கெட்டுவிட்டது என்று ஒரு நிமிடம் பயந்துபோனேன். சார்ஜர் புத்திசாலித்தனமாகத்தான் நடந்துகொண்டது. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால், செல்லின் கிராஃபைட்டுக்குள் நுழைய வேண்டிய லித்தியம் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும், அந்தச் சேதம் திரும்பாது. அந்த 48விஎஃப் பேட்டரியின் சார்ஜருக்கு இந்த அறிவெல்லாம் இல்லை. இரண்டு குளிர்காலம் நானே அதை உறைபனியில் சார்ஜ் போட்டுக் கொன்றிருக்கிறேன் போல.

சூடு ஏற்றுகிறேன் என்று அடுப்புப் பக்கம் வைக்கவும் கூடாது. வீட்டுக்குள் கொண்டுவந்து, துணியில் சுற்றி, ஒரு மணி நேரம் விட்டால் தானாக வழிக்கு வரும். சில்லென்ற டிரிலை நேராகச் சோறு கொதிக்கும் சமையலறைக்குள் கொண்டுபோனால் மூடிபோல வியர்த்துவிடும், அதைத் துடைக்காமல் பேட்டரி மாட்டாதீர்கள்.

இரண்டு பேட்டரிக்கும் நெயில் பாலிஷால் 1, 2 என்று எழுதியிருக்கிறேன். இன்றைக்கு வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது, காற்றே இல்லை. விடியலில் பனி விழும். ஒன்றாம் நம்பர் இன்னும் கொட்டகையில் கிடக்கிறது, எடுத்துவந்து அரிசி டிரம் பக்கத்தில் வைக்க வேண்டும்.