நெமாமுசாசா, நான்காவது கலவை: ஹோஷோ இன்னும் உட்காரவில்லை

நான்காவது கலவையும் (மிக்ஸ்) தேறவில்லை. சுருதி சரி, கிதார் சரி, குரல்கூடப் பரவாயில்லை. ஆனால் ம்பிரா (உலோக நாக்குகளை விரலால் மீட்டும் வாத்தியம்) அவசரப்படுவது போலவும் ஹோஷோ (விதை போட்ட சுரைக்குடுக்கைக் கிலுகிலுப்பை) பின்னால் மூச்சிரைக்க ஓடி வருவது போலவும் கேட்கிறது. எடுத்திருக்கும் நெமாமுசாசா, ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களுடைய பழைய ம்பிரா உருப்படி. சடங்கில் இரவு முழுக்க சுற்றிச் சுற்றி வாசிப்பதை, நான்கு நிமிடத்தில், ஆட வந்தவர்களின் கால் நிற்காதபடி தர வேண்டும்.

கணக்கு ம்பிராக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு சுற்றுக்கு 48 மாத்திரை, 12 வீதம் நான்கு பாதம். மூன்று மாத்திரைக்கு ஒரு தட்டு, ஆக 16 தட்டு. சுரக்கூட்டு ஏறக்குறைய நான்கு மாத்திரைக்கு ஒருமுறை நகரும், ஆக 12 கூட்டு, பாதத்துக்கு மூன்று (எண் அந்தக் கூட்டின் அடிச்சுரம்): 1-3-5, 1-3-6, 1-4-6, 2-4-6. சுற்றை எங்கே தொடங்குவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். கால் திஸ்ரத்தில், கூட்டு சதுஸ்ரத்தில். இந்த இழுபறிதான் பாட்டே.

முதல் கலவையில் கூட்டு மாறும் இடத்தில் எல்லாம் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) வைத்தது சுத்த மடத்தனம். பாதத்துக்கு மூன்று அடி விழுந்து, பாட்டு வால்ட்ஸ் ஆகிவிட்டது. இரண்டாவதில் 16 தட்டுக்கும் கிக். இடம் சரி, ஆனால் ம்பிராவின் இடக்கைக் கீழ்வரிசை நாக்குகளின் மந்தர ஒலியை அது விழுங்கியது. இப்போது பாதத்தின் 1, 3 தட்டுகளில் மட்டும் கிக், அதுவும் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் ஒலிக்கும்படி. அது போதும்.

மூன்றாவதிலிருந்து தலைவலி ஹோஷோதான். வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு. ஒரு மாத்திரை 167 மில்லிசெகண்ட், ஒரு சுற்று சரியாக 8 செகண்ட். கை வீசியவுடன் ஹோஷோ ஒலிக்காது. விதைகள் குடுக்கைக்குள் ஓடி எதிர்ச்சுவரில் மோதினால்தான் ‘சக்’. அதற்கு முன்னால் ஒரு ‘ஸ்ஸ்’ உண்டு. வைத்திருக்கும் சாம்பிளில் அது 40 மில்லிசெகண்ட். சாம்பிளின் தொடக்கத்தைக் கிரிட்டில் (திரையில் மாத்திரைகளைக் காட்டும் கோடுகளில்) ஒட்டினால் மோதல் கால் மாத்திரை தாமதம். பார்வைக்கு எல்லாம் நேராக இருக்கும், காதுக்கு இருக்காது.

ட்ராக் முழுவதையும் 40 முன்னால் தள்ளினால் தீரும் என்று தோன்றும். தீராது. மெல்லிய வீச்சில் ‘ஸ்ஸ்’ 25தான், ஆகவே அவை முந்திக்கொள்ளும். ஒரு சுற்றுக்கு உரிய அடிகளை ஒவ்வொன்றாக வெட்டி, அலையின் உச்சியைக் கிரிட்டில் உட்கார வைத்தாலும் பாதி வேலைதான் முடிகிறது. மூன்று மாத்திரையும் சம நீளமாக விழும் ஹோஷோ தையல் மெஷின் மாதிரி இருக்கிறது. கையால் ஆட்டியதில் இரண்டு சுற்றை எடுத்து, அதன் நடையைப் பிரித்து ஹோஷோ ட்ராக்குக்குக் கொடுத்தபின் ஹோஷோ தனியாகக் கேட்க அழகு. ம்பிராவோடு சேர்த்தால் மறுபடி சண்டை, ஏனென்றால் ம்பிரா க்ளிக்கை (மெட்ரோனோமின் டிக்டிக்கை) கேட்டுப் பதிந்தது. க்ளிக்குக்கு எல்லா மாத்திரையும் சமம். தவறு கலவையில் இல்லை, பதிந்த வரிசையில். ஹோஷோ முதலில், அதைக் கேட்டபடி குஷௌரா (முதல் ம்பிரா வரி), பிறகு குட்சின்ஹிரா (அதோடு பின்னும் இரண்டாவது வரி). க்ளிக்கே கூடாது.

குட்சின்ஹிராவுக்குப் பதில் குஷௌராவையே 167 மில்லிசெகண்ட் டிலேயில் (தாமதத்தில்) திரும்ப ஒலிக்கவிட்டு ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சில உருப்படிகளில் குட்சின்ஹிரா என்பது அதே குஷௌரா ஒரு மாத்திரை தள்ளித்தான் என்பதால் அங்கே ஓரளவு ஒப்பேறும். நெமாமுசாசாவில் குட்சின்ஹிராவுக்குத் தனி வாசிப்பு உண்டு, டிலே உதவாது.

கிதாரில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. 1970-களிலேயே ஜிம்பாப்வேப் பாடகர் தாமஸ் மாப்ஃபூமோவின் குழுவில் ஜோனா சித்தோலே போன்ற கிதார்காரர்கள் ம்பிரா வரிகளை எலெக்ட்ரிக் கிதாருக்கு மாற்றினார்கள்; ஹோஷோவின் வேலையை ஹை-ஹாட் எடுத்துக்கொண்டது. வலது உள்ளங்கையைப் பிரிட்ஜ் மேல் அழுத்தி நாதத்தை வெட்ட வேண்டும். பிரிட்ஜ் அருகே கம்பிகளுக்கு நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகினால் மச்சாச்சாராவின் (ம்பிராவில் அதிரக் கட்டும் மூடிகளின்) இரைச்சலுக்குப் பக்கத்தில் வரும். சிக்கல் சுருதியில்தான். நியமரோபா என்ற ம்பிரா சுருதியமைப்பு ஏறக்குறைய ஹரிகாம்போஜி மாதிரி என்றாலும் ம்பிரா செய்கிற ஒவ்வொருவரின் சுரத்தானமும் வேறு, கிதாரின் மெட்டுக்கட்டையோ அசையாது. ஒரே ஸ்தாயியில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அலையடிக்கும். கிதாரை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி, ம்பிரா அடிக்காத மாத்திரைகளில் மட்டும் விடுவது நல்லது.

தெசேயில் (ம்பிராவை உள்ளே வைக்கும் சுரைக்குடுக்கையில்) கட்டிய சோடா மூடிகளின் இரைச்சலைத் தயவுசெய்து நாய்ஸ் ரிடக்‌ஷனில் போடாதீர்கள். அது அழுக்கில்லை, ஒலியின் பாதி. பாட்டின் விவரத்தில் ‘ஷோனா பாரம்பரியம்’ என்று எழுதி, நம் பெயரை ஒழுங்கமைப்புக்கு மட்டும் போட வேண்டும். இயற்றியவர் என்று தன் பெயரைப் போட்டுக்கொள்வது அசிங்கம்.

ஹோஷோ வெளியிலிருந்து வரவழைத்தால், உள்ளே விதை இருப்பதால் தாவரத் தடுப்புச் சோதனையில் மாட்டிக்கொள்ளலாம். செய்துகொள்வதே மேல். ஜிம்பாப்வேயில் உள்ளே போடும் ‘ஹோட்டா’ நம் பூங்காக்களில் நிற்கும் கல்வாழையின் விதைதான். கழுத்து நீண்ட சிறு சுரைக்காய் இரண்டை முற்றவிட்டுக் காயவைத்து, அடி மறையும் அளவுக்கு மட்டும் விதை போட வேண்டும். கூடினால் விதைகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு ‘சக்’ வராமல் ‘சரசர’ வரும். அதாவது அந்த ‘ஸ்ஸ்’ இன்னும் நீளும்.

குரலுக்குத் தாழ்ந்த மஹோனேரா அடுக்கு ஒன்றும் மேலே ஹுரோ என்ற உச்சக் குரலும் திட்டத்தில் இருக்கின்றன. அதெல்லாம் பிறகு. சுரைக்காய் இப்போதுதான் மொட்டைமாடியில் காயப் போட்டிருக்கிறது. உலுக்கினால் இன்னும் ஈரச் சத்தம்தான்.