விக்டோரியா ஸ்திரீட்டில் ஒரு பழைய கன்னியர் மடம்

சிங்கப்பூரின் சிட்டி ஹால் ரயில் நிலையத்திலிருந்து சிறிது தொலைவு நடந்தால் வந்துவிடும் சைம்ஸ் வளாகத்தை இன்று பெரும்பாலோர் உணவகங்களுக்காகவே அறிந்திருக்கிறார்கள். நான் அங்கே சென்றது, 1983 வரை அவ்விடத்தில் இயங்கிவந்த குழந்தை இயேசு கன்னியர் மடத்தையும் அதன் பள்ளியையும் பார்ப்பதற்காக.

வளாகத்தின் மிகப் பழைய கட்டடம் கால்ட்வெல் இல்லம். நீதிமன்ற எழுத்தர் ஒருவருக்காகக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன் 1840-41இல் கட்டிக்கொடுத்த அந்த வீட்டை, பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று விரும்பிய அருட்தந்தை பெரெல் 1852இல் வாங்கினார். 1854 பிப்ரவரியில் பினாங்கிலிருந்து கன்னியாஸ்திரியான அன்னை மத்தில்த் ராக்லோ மூன்று அருட்சகோதரிகளுடன் வந்து சேர்ந்து, சில நாள்களிலேயே வகுப்புகளைத் தொடங்கிவிட்டார். முன்பக்கம் அரைவட்டமாகப் புடைத்து நிற்கும் மாடி அறையில்தான் சகோதரிகள் தையல் வேலை செய்வார்களாம். வெள்ளைச் சுவரும் உயர்ந்த சன்னல்களுமாக, கண்ணுக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கும் இடம்.

சிற்றாலயத்தில்தான் நெடுநேரம் நின்றேன். பழைய ஆலயம் சிதிலமடைந்ததால், அருட்தந்தை சார்ல்ஸ் நேன் கோதிக் பாணியில் வரைந்த இந்தக் கட்டடம் எழுந்து, 1904 ஜூனில் அர்ச்சிக்கப்பட்டது. தூண்களின் உச்சியில் உள்ள போதிகைகள் மொத்தம் 648. அவற்றில் வெப்பமண்டலச் செடிகொடிகளும் பறவைகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் ஐரோப்பியக் கோயில் வடிவத்துக்குள் இந்த மண்ணின் இலைகளையும் பறவைகளையும் குடியேற்றியிருப்பது, வானளாவும் கூரையைவிட என்னை அதிகம் கவர்ந்தது. நிறக்கண்ணாடிச் சன்னல்கள் பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் செய்யப்பட்டவை.

ஆனால் இந்த வளாகத்தில் ஒன்றை மட்டுமே பார்க்க நேரம் இருக்கிறது என்றால், மதிலில் உள்ள சிறு வாயிலைத்தான் பார்க்கச் சொல்வேன். நம்பிக்கை வாயில் என்று அதற்குப் பெயர். வறுமையால் வளர்க்க இயலாத குழந்தைகளையும், சீன நாள்காட்டியின் புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கையால் கைவிடப்பட்ட சிசுக்களையும் இங்கே விட்டுச் செல்வார்கள். மடத்தின் அநாதை இல்லம் அவர்களை எடுத்து வளர்த்தது. கட்டணம் செலுத்திப் படித்த மாணவியரும் கூரையின்றி வந்த குழந்தைகளும் ஒரே மதிலுக்குள் வளர்ந்தார்கள் என்பதே இந்த மடத்தின் வரலாற்றில் எனக்கு முதன்மையானது. அலங்காரமற்ற அந்த வாயிலைக் கவனியாமல் பலர் கடந்துபோவது வருத்தம் தருகிறது.

பள்ளி தோ பாயோ வட்டாரத்துக்கு இடம்பெயர்ந்தபின், கால்ட்வெல் இல்லமும் சிற்றாலயமும் 1990இல் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. பழுதுபார்ப்புக்குப் பிறகு 1996இல் வளாகம் இன்றைய உருவில் திறக்கப்பட்டது. வகுப்பறைகள் உணவகங்களானதை நான் குறைகூற மாட்டேன், அந்த வருமானம்தான் கட்டடங்களைக் காக்கிறது. எனினும் பள்ளிக்கூடத்தின் சுவடுகள் இன்னும் தெளிவாகக் கண்ணில் படும்படி செய்திருக்கலாம்.

சிற்றாலயம் இப்போது திருமணங்களுக்கு வாடகைக்கு விடப்படும் மண்டபம் என்பதால், உள்ளே பார்க்க விரும்புவோர் விழா இல்லாத நாளாக விசாரித்துச் செல்வது நல்லது. அப்படியே சாலையைக் கடந்தால், அதே அருட்தந்தை பெரெல் முன்னின்று கட்டியெழுப்பிய நல்லாயன் பேராலயத்தையும் பார்த்துவிடலாம்.